மூன்றாம் கம்பி, ஏழாம் ஃப்ரெட்

மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ, ஊர்த் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி கேட்டவர்களுக்கு அந்த இடம் தெரியும். பல்லவி முடிந்ததும் பாடகர் மைக்கை விட்டுச் சற்று ஒதுங்குவார். அதுவரை கீபோர்டுக்குப் பக்கத்தில் அடக்கமாக நின்றிருந்த லீட் கிட்டார்காரர் காலடிப் பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டு முன்னால் வருவார். இடது கையின் மோதிர விரல் மூன்றாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டில் உட்காரும். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கும். கம்பியை மீட்டியதும் மூன்று விரலும் சேர்ந்து அதை மேலே தள்ளும். ஒரு சுரம் ஊர்ந்து ஏறி இன்னொரு சுரமாகி, அங்கே நின்று நடுங்கும். பந்தலின் கடைசி வரிசையிலிருந்து விசில் வரும்.

இந்தத் தள்ளலைக் கிட்டார்காரர்கள் ‘பெண்ட்’ என்பார்கள். ராக் சோலோ கற்க வருகிறவரின் விரல் நுனியை முதலில் புண்ணாக்குவது இதுதான். கிட்டார் மேல்நாட்டு வாத்தியம், ராக் அமெரிக்க இசை, எனவே பெண்டும் அங்கிருந்து வந்தது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். உண்மைக் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. கம்பியை இழுத்துச் சுரத்தை வளைக்கும் வித்தை இங்கிருந்தும் போயிருக்கிறது, அங்கிருந்தும் வந்திருக்கிறது. அந்தப் போக்குவரத்தில் மதுரைச் சீமைக்கும் பங்கு உண்டு. என் கணிப்பில், முறையாகப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களைவிட, காதால் கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டவர்கள்தான் இதை அதிக தூரம் சுமந்திருக்கிறார்கள்.

வீணையிலிருந்து தொடங்கலாம். இன்று நாம் பார்க்கும் 24 மெட்டு வீணை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கர் அவையில் உருப்பெற்றது என்பது மரபு. பித்தளை மெட்டுகளை மெழுகும் கரித்தூளும் கலந்து எழுப்பிய மேட்டின்மேல் பதிப்பார்கள். மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே பள்ளம். விரல் கம்பியை அழுத்தும்போது அடியில் எதுவும் தட்டாது. அதனால் ஒரே மெட்டில் வைத்த விரலால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று சுரம் வரை ஏறிவிடலாம். வீணையின் கமகத்தில் பெரும்பகுதி இந்தப் பள்ளம் கொடுத்த வசதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு ஆண்டு கழித்து ஓர் ஆங்கிலேயர் இதைத் தேடி வருவார்.

அதற்கு முன் நம்மவர் ஒருவர் ஆங்கிலேயரைத் தேடிப் போனார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். மதராஸில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியக்காரர்களின் இசை காதில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. மணலி முதலியார் ஏற்பாடு செய்து கொடுக்க, ஓர் ஐரோப்பியரிடம் மூன்றாண்டு வயலின் கற்றார். அண்ணன் அந்த பாண்டு மெட்டுகளை எடுத்து சம்ஸ்கிருத சாகித்தியம் போட்டு ‘நோட்டுஸ்வரம்’ ஆக்கினார். சுமார் 40 கிடைக்கின்றன. தம்பியோ வயலினையே கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். பிறகு அவர் அவைக்கலைஞராகப் போய்ச் சேர்ந்த ஊர் எட்டயபுரம். மதுரையிலிருந்து தெற்கே, கரிசல் காட்டின் நடுவே இருக்கும் சின்ன சமஸ்தானம். மேல்நாட்டு வாத்தியத்தை வாங்கி நம் கமகத்தை அதில் ஏற்றும் வேலை, கிட்டாருக்கு நூற்றைம்பது ஆண்டு முன்பே இந்தச் சமவெளிக்கு வந்துவிட்டது.

அதே எட்டயபுரத்தில் அடுத்த அதிசயம் 1904இல் நடந்தது. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சில் கொண்டுவந்தார். தெலுங்கில், ஏறத்தாழ 1,700 பக்கம். அவரை உந்தியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். நம் சங்கீதத்தை மேல்நாட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி உலகுக்குக் காட்ட வேண்டும் என்று சொத்தையெல்லாம் கரைத்தவர். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்த இந்த நூலில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. கம்பிதத்துக்கு ஒன்று, நொக்குக்கு ஒன்று, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் வேறு வேறு கோடு, கம்பியை ஒதுக்கி இழுப்பதற்கு ஒன்று. ராக் கிட்டார் கற்பவர் கையில் இருக்கும் ‘டேப்’ தாளைப் பாருங்கள். மேலே வளைந்த அம்புக்குறி என்றால் பெண்ட், சாய்ந்த கோடு என்றால் ஸ்லைடு, நெளிகோடு என்றால் விப்ராட்டோ. விரல் எங்கே விழ வேண்டும் என்று கோடுகளில் எழுதும் வழக்கம் ஐரோப்பாவில் பழையது. 1507லேயே வெனிஸ் நகரில் பெத்ருச்சி லூட் வாத்தியத்துக்கு அப்படி அச்சிட்டுவிட்டார். ஆனால் சுரத்தின் நெளிவையே இவ்வளவு நுணுக்கமாகக் குறித்துவைத்த புத்தகத்துக்கு எட்டயபுரத்து அச்சகத்தைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இனி கடல் தாண்டலாம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் போன பருத்தி நின்றது. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துக் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. போர் முடிந்து அடிமைத்தளை ஒழிந்த பிறகும் மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் கறுப்பின மக்கள் குத்தகைக் கடனில் கிடந்தார்கள். அந்தக் காட்டிலிருந்துதான் ப்ளூஸ் பிறந்தது. 1903 வாக்கில் டட்வைலர் ரயிலடியில் இரவில் வண்டிக்குக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹேண்டி, பக்கத்தில் ஒருவர் கத்தியைக் கிட்டார் கம்பிமேல் வைத்து இழுத்து இழுத்துப் பாடுவதைக் கேட்டார். இதுபோல் விசித்திரமான இசையைத் தான் கேட்டதே இல்லை என்று பின்னாளில் எழுதிவைத்தார்.

கம்பிமேல் உலோகத்தை உருட்டும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்க ஒற்றைக்கம்பி வாத்தியங்களிலிருந்து என்பது ஒரு வழி. ஹவாய்த் தீவு இன்னொரு வழி. அங்கே 1889 வாக்கில் ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளி மாணவன் ரயில் தண்டவாளத்தோரம் கிடந்த இரும்பு போல்ட்டை எடுத்துக் கிட்டாரில் உரசிப் பார்த்தான் என்று கதை. அவனுக்கும் முன்பே கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் அப்படி வாசித்தார் என்றும் ஹவாய்க்காரர்கள் சொல்கிறார்கள். அவர் இந்தியாவில் பிறந்தவராம். கப்பல் தலைவன் ஒருவன் சிறுவயதில் கடத்திக்கொண்டு போய், கடைசியில் ஹொனலூலுவில் கரையேறியவராம். அவர் இந்தியாவின் எந்த மூலை, எந்த வாத்தியத்தைக் காதில் வாங்கிக்கொண்டு போனார் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் அதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் பக்கத்தில் திருவிடைமருதூர் சகாராம் ராவ் கோட்டு வாத்தியத்தில் மரக்கட்டையை உருட்டி ஜாருகளைப் பொழிந்துகொண்டிருந்தார். மெட்டே இல்லாத தண்டியின்மேல் கட்டை ஓடும் அந்த வாத்தியத்தைத்தான் இன்று சித்திரவீணை என்கிறோம்.

1915இல் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய் இசை கேட்டு அமெரிக்கா மயங்கியது. ஊரெல்லாம் ஹவாய் கிட்டார். அதிலிருந்து வந்ததுதான் உலகத்தை மாற்றிய வியாபாரம். மடியில் படுக்கவைத்து வாசிக்கும் கிட்டாரின் ஓசை பெரிய அரங்கில் எடுபடவில்லை. ஜார்ஜ் பூஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் 1932இல் காந்தமும் கம்பிச்சுருளும் பொருத்திய ஒரு கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் அதற்கு ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர் நிலைத்தது. கடைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார் ராக்குக்காகப் பிறக்கவில்லை. தீவுக்காரர்களின் ஸ்லைடுக்காகப் பிறந்தது.

மின்சாரம் வந்ததும் கிட்டாருக்குத் தைரியம் வந்தது. 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் நிற்கும் இடத்தில் கிட்டாரை நிறுத்தி ஒற்றைக் கம்பியில் சோலோ வாசித்தார். காசநோயால் 25 வயதில் இறந்துபோனார். டி-போன் வாக்கர் ப்ளூஸுக்கு அதைக் கொண்டுபோய்க் கம்பியை வளைத்தார். அவரைக் கேட்டு வளர்ந்தவர் சக் பெர்ரி. 1958இல் வந்த ‘ஜானி பி. குட்’ பாட்டின் தொடக்கக் கிட்டாரை இன்றும் உலகம் முழுதும் முதல் பாடமாக வாசிக்கிறார்கள். அந்தத் தொடக்கம் பெர்ரியின் சொந்தச் சரக்கு இல்லை. 1946இல் லூயிஸ் ஜோர்டன் குழுவில் கார்ல் ஹோகன் வாசித்ததை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை. 1977இல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்கத் தட்டில் இந்தப் பாட்டும் இருக்கிறது, நம் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் இருக்கிறது. பேர் தெரியாமல் போன ஹோகனின் விரல் ஓட்டம் சூரிய மண்டலத்துக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே நம் மூன்றாம் கம்பியின் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துக் கிட்டார் கம்பி செட்டில் மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பி, தடித்தது. அதை வளைப்பது பெரும்பாடு. விவரம் தெரிந்த சிலர் பாஞ்சோ கம்பியை வாங்கி மாட்டி, மற்றதை ஒவ்வோர் இடம் தள்ளிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்த எர்னி பால், கற்க வரும் பிள்ளைகள் மூன்றாம் கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, மெல்லிய கம்பி செட் போடுங்கள் என்று ஃபெண்டர் நிறுவனத்தைக் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1962இல் அவரே ‘ஸ்லிங்கி’ என்று போட்டு விற்றார். இன்று மதுரைக் கடையில் ‘எலெக்ட்ரிக் லைட் செட்’ கேட்டால் கைக்கு வருவது அந்த யோசனையின் வாரிசு.

கம்பி வளைந்தது. ஆனால் மீட்டிய நாதம் வளைந்து முடிவதற்குள் அடங்கிவிடுகிறதே? அதற்கு ஒரு பழுது துணைக்கு வந்தது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றின் பதிவின்போது, நாஷ்வில் ஸ்டுடியோவில் மிக்சரின் ஒரு சேனல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் பிட்டு கரகரவென்று வந்தது. தூக்கிப் போடாமல் அப்படியே வைத்தார்கள். பாட்டு ஹிட்டானது. அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே வரவழைக்கும் பெட்டியை 1962இல் கிப்சன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்க ஆளில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் ஊதுவாத்தியம் வர வேண்டிய இடத்தை ஒப்புக்குக் காட்ட அந்தப் பெட்டியை மிதித்தார். ஒப்புக்கு வாசித்ததே பாட்டானது, பெட்டிகள் தீர்ந்துபோயின. ஓசையை இப்படி நசுக்கிக் கொதிக்கவிட்டால் சுரம் சீக்கிரம் சாகாது. நாகசுரத்தின் கார்வைபோல நீளும். வளைவை முழுதாகக் காட்ட நேரம் கிடைக்கும்.

அதே 1965இல் லண்டனில் யார்ட்பேர்ட்ஸ் குழு ஒரு பாட்டுக்கு சித்தார் வாசிப்பவரை வரவழைத்தது. பதிவில் சித்தார் எடுபடவில்லை. குழுவின் கிட்டார்காரர் ஜெஃப் பெக், தான் கேட்ட சித்தாரை ‘ஃபஸ்’ என்ற கரகரப்புப் பெட்டி போட்டுக் கிட்டாரிலேயே போலி செய்துவிட்டார். பாட்டும் பெயர் பெற்றது, ராக் சோலோவுக்குள் இந்திய நெளிவு நுழைவதற்கு வாசலும் திறந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967இல் மான்டெரியில் கிட்டாரைக் கொளுத்திய மேடையிலேயே ரவிசங்கரும் வாசித்தார் என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இனி வருகிறவர்தான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தவர். கிட்டார்காரர் அல்ல, டாக்டர் எஸ். ராமநாதன். வளவனூரில் 1917இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வாய்ப்பாட்டுக்காரர், வீணை வித்வான். மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராக இருந்தவர் என்று சொன்னால் இங்கே பல குடும்பங்களுக்கு ஞாபகம் வரும். சிலப்பதிகார இசையைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து 1979இல் வந்தது. இவர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாணவர் வீணை கற்க வந்தார். யார்க்‌ஷயரில் 1942இல் பிறந்த ஜான் மெக்லாஃப்லின். மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர், 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா தொடங்கி ராக் கிட்டாரின் வேகத்துக்கே புது அளவு வைத்தவர். உலகமே அவரைக் காப்பியடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நம் ராமநாதனிடம் சரளி வரிசைக்காரராக உட்கார்ந்தார்.

விளைவு ‘சக்தி’ குழு. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாகாணத்தின் சவுதாம்ப்டன் கல்லூரியில் வாசித்த கச்சேரியே 1976இல் முதல் ஆல்பமாக வந்தது. வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். மதுரைக்காரருக்கு இதில் கடைசி இரண்டும் வீட்டுச் சமாசாரம். ராகவன் ராமநாதபுரத்துச் சங்கீதக் குடும்பம். கடம் என்றால் நமக்கு மானாமதுரை. வைகைக் கரை மண்ணைப் பிசைந்து, தட்டித் தட்டிச் சுதி சேர்க்கும் அந்த வாத்தியம் ராக் கிட்டார் ரசிகர்களின் காதில் முதன்முதலாக விழுந்தது இந்தக் குழு வழியாகத்தான்.

மெக்லாஃப்லினுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. வீணையில் கற்ற இழுப்பு கிட்டாரில் வரவில்லை. கிட்டார் ஃப்ரெட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். விரல் அழுத்தியதும் மரத்தில் தட்டிவிடும், உராய்வு இழுப்பைத் தடுக்கும். வீணையின் பள்ளம் இங்கே கிடையாது. அப்போது அவருக்கு ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் தனியாக ஒரு கிட்டார் செய்துகொடுத்தார். ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, குறுக்காக ஏழு அதிர்வுக் கம்பிகளும் பூட்டிய கிட்டார். தஞ்சை ஆசாரி மெழுகால் எழுப்பிய மேட்டை அமெரிக்கத் தச்சர் உளியால் தோண்டிக் கொடுத்தார் என்று சொல்லலாம். சக்தி கச்சேரியில் கேட்கும் அந்தக் கமகம் அதிலிருந்து வந்ததுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், அதே வேலையை வேறு ஆட்கள் வேறு வழியிலும் கண்டுபிடித்தார்கள். டீப் பர்பிளின் ரிச்சி பிளாக்மோர் 70களிலேயே மரத்தைக் குழித்து வாசித்தார். ஸ்வீடனின் இங்வே மால்ம்ஸ்டீன், வாத்தியம் பழுதுபார்க்கும் கடையில் பழைய லூட் ஒன்றில் குழிவைப் பார்த்துத் தன் கிட்டாரையும் செதுக்கிக்கொண்டதாகச் சொல்கிறார். 1987இல் ஸ்டீவ் வாய்க்காக வந்த கிட்டாரில் கடைசி நான்கு ஃப்ரெட்டுகள் குழிவு, மொத்தம் 24. வீணைக்கும் 24. இது தற்செயல்தான், ஆனாலும் இனிய தற்செயல்.

சரி, அந்தச் சமயத்தில் மதுரையில் என்ன நடந்தது? கிட்டார் இரண்டு வழியாக வந்திருந்தது: தேவாலயப் பாடகர் குழு, சினிமா. மார்கழிக் குளிரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும் இளைஞர் கையில் ஒரு கிட்டார் இருக்கும். வானொலியில் இலங்கை நிலையத்தின் ஆங்கில ஒலிபரப்பு காற்று நன்றாக இருந்தால் கேட்கும். மற்றபடி எல்லாம் சினிமா. அந்தச் சினிமாவை மாற்றியவர் அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த ராசய்யா. அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து ஊர் ஊராகப் போனவர், 60களின் கடைசியில் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளர், சலில் சவுத்ரி முதலானோருக்குக் கிட்டார்காரர். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது இளையராஜா ஆனார். தமிழ்ச் சினிமாவின் மிகப் பெரிய இசையமைப்பாளர் அடிப்படையில் ஒரு கிட்டார் மாணவர் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய தைரியம்!

1982இல் ‘இளைய நிலா பொழிகிறதே’ வந்தது. ஆர். சந்திரசேகரின் கிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை தமிழ்நாட்டில் கிட்டார் தெரியும் என்று சொன்னால் எதிரிலிருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “இளைய நிலா வாசிப்பீங்களா?” அந்தப் பாட்டே அடுத்த ஆண்டு இந்தியில் ‘நீலே நீலே அம்பர் பர்’ ஆகி, வடக்கிலும் கிட்டார் கற்பவர்களின் முதல் தேர்வாகிவிட்டது. ஹோகனிடமிருந்து பெர்ரிக்குப் போனதுபோல், ஒரு கிட்டார் ஓட்டம் வேறொரு மொழிக்குள் புகுந்து அங்கேயும் பள்ளிக்கூடம் நடத்துகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்டுடியோவில் வாசித்தவர்கள் கையில் ராஜா எழுதிக் கொடுத்த நோட்ஸ் இருந்தது. மதுரையில் அதையே மேடையில் வாசிக்க வேண்டிய லைட் மியூசிக் கலைஞர் கையில் கேசட் மட்டும்தான் இருந்தது. ஓடவிடு, நிறுத்து, பின்னால் சுற்று, மறுபடி ஓடவிடு. நாடா நைந்து சுருதி அரைக்கட்டை இறங்கிப்போனால் கிட்டாரையும் அதற்கேற்ப இறக்கிச் சேர்த்துக்கொள்வது. எங்கே பிக் விழுகிறது, எங்கே இடது விரலே அடித்து எழுப்புகிறது, எங்கே இழுப்பு என்று காதால் பிரித்து எடுப்பது. அதே வேலையைத்தான் பிரிட்டிஷ், அமெரிக்க இளைஞர்களும் ஒரு தலைமுறை முன்னால் செய்தார்கள். 33 வேகத் தட்டை 16இல் ஓடவிட்டால் பாட்டு பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். அப்படித்தான் ப்ளூஸ் சோலோக்களைப் பிரித்தெடுத்தார்கள். பிட்டு பிசகாமல் வாசிக்கும் மேடைக் கலைஞரைச் ‘சும்மா காப்பி’ என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் காது பயிற்சி எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

வாத்தியமும் காப்பிதான். 1991க்கு முன் வெளிநாட்டுக் கிட்டாருக்குச் சுங்க வரி எட்டாத உயரம். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினரை நம்ப வேண்டும், இல்லையென்றால் கல்கத்தாவில் செய்த கிட்டார். ‘கிவ்சன்’ என்ற பெயரைப் படிக்கும்போதே கிப்சன் காதில் விழும், ‘ஹாப்னர்’ என்றால் ஜெர்மனியின் ஹாஃப்னர். ஜப்பானும் இதே வழியில்தான் வந்தது. அங்கே செய்த ஐபனீஸ் கிட்டார்களின் தலைப்பகுதி எங்களுடையது என்று 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. சமரசமாக முடிந்தது. அதற்குப் பிறகு சொந்த வடிவங்களில் இறங்கிய ஐபனீஸ்தான் பத்தாண்டு கழித்து ஸ்டீவ் வாய்க்கு அந்த 24 ஃப்ரெட் கிட்டாரைச் செய்தது.

கற்கிற பிள்ளைக்கு இதனால் என்ன பயன் என்றால், நிறையவே உண்டு. ராக் சோலோவின் முதல் பாடம் ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கும் ‘ஏ மைனர் பென்டடானிக்’ கட்டம். ஏ-யை சட்ஜமமாக வைத்தால் அந்த ஐந்து சுரம் சுத்த தன்யாசி. கையை நகர்த்தாமல் அதே கட்டத்தில் சி-யை சட்ஜமமாக நினைத்து வாசித்தால் மோகனம். கிட்டார் வகுப்பில் ‘ரிலேட்டிவ் மேஜர்’ என்று சொல்லித் தருவது நம் கிரகபேதம். ஒரு பாலையிலிருந்து, அதாவது பழந்தமிழ்ச் சுரவரிசையிலிருந்து, இன்னொரு பாலையைப் பிறப்பிக்கும் இந்த முறையைச் சிலப்பதிகாரத்தில் விளக்கிக் காட்டியவர்களில் ராமநாதனும் ஒருவர். அந்தக் காப்பியத்தில் ஏழு பெண்கள் ஏழு சுரமாக வட்டத்தில் நிற்கும் ஆய்ச்சியர் குரவை நடப்பதும் மதுரைப் புறஞ்சேரியில்தான். டோரியன் மோட் என்று சன்டானா வாசிப்பதில் கரகரப்பிரியா இருக்கிறது. மால்ம்ஸ்டீன் பொழியும் ஹார்மோனிக் மைனர் கீரவாணி, அதன் பஞ்சமத்திலிருந்து எடுத்தால் வகுளாபரணம். பெண்டுக்கும் நம் வழியிலேயே ஒரு பயிற்சி உண்டு. ஏ-யை சட்ஜமமாக வைத்தால் மூன்றாம் கம்பியில் ஏழாம் ஃப்ரெட் மத்யமம், ஒன்பதாம் ஃப்ரெட் பஞ்சமம். முதலில் ஒன்பதை மீட்டி, பஞ்சமத்தை வாய்விட்டுப் பாடி, அதன் பிறகு ஏழிலிருந்து தள்ள வேண்டும். பாடிய இடத்தில் போய் நிற்காத பெண்ட் எத்தனை வேகத்தில் வந்தாலும் அபசுரம்தான். கணுக்கை சுழல வேண்டும், விரல் மட்டும் தள்ளினால் பாதி வழியில் நின்றுவிடும்.

இந்த இரண்டு வழியையும் ஒரே கிட்டாரில் சேர்த்தவர்களும் வந்துவிட்டார்கள். 80களில் சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடகக் கச்சேரி செய்தார். ஆந்திரத்துப் பாலகொல்லுவிலிருந்து வந்த யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினால் சபாக்களையும் கோயில் விழாக்களையும் நிறைத்து, பின்னாளில் மெக்லாஃப்லினோடு சக்தி மேடையிலேயே உட்கார்ந்தார். ராணிப்பேட்டைக்காரர் ஆர். பிரசன்னா சென்னை ஐஐடியில் பொறியியலும் பாஸ்டன் பெர்க்லியில் இசையும் படித்து, 2006இல் ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ போட்டார். கொச்சியில் மதர்ஜேன் குழுவின் பைஜு தர்மஜன் ஹெவி மெட்டலுக்கு நடுவே சுத்தமான கமகத்தை இழுத்தார். மதுரையில் இப்போது கற்கும் பிள்ளைகள் யூடியூபில் அவர் சோலோவைப் பாதி வேகத்தில் வைத்து ஓட்டுகிறார்கள். தட்டுபோல ஸ்தாயி இறங்குவதில்லை, சுருதி அப்படியே நிற்கிறது. அவர் கம்பியை வளைக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தி, தாளில் ஆறு கோடு கிழித்து, அதன்மேல் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்கிறார்கள்.